அஞ்சும் நாய்க்கு அடைக்கலம்

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று நம்மவர் சொல்வதுண்டு. இப்பழமொழிக்குத் தத்துவப் பொருள் விரித்துரைப்போரும் உளர். யான் இன்று அதனை நாயின் பக்கத்தில் நின்று நோக்குமாறு நேயர்களை வேண்டிக்கொள்கின்றேன். தெருவிலே திரியும் நாயொன்றின் முன்னே நின்று, செருப்பின் வாரைச் சரிசெய்வதற்காகச் சற்றே குனிந்து பாருங்கள். மறுகணமே அது வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடிவிடும். நீங்கள் கல்லைத் தொடவுமில்லை, எறிய நினைக்கவுமில்லை. எனினும், குனிகின்ற மனிதன் கல்லெடுப்பவன் என்பது வாழ்க்கை அதற்குக் கற்பித்த பாடம். நாம் கற்பித்த பாடம் என்பதே பொருந்தும்.

இத்தகைய நாயொன்றை வீட்டுக்குக் கொணர்ந்து, சிலகாலம் பேணி, அச்சம் தெளிவித்து, நிலையான ஓரிடத்தில் சேர்ப்பித்தல் எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். நாயை வளர்த்தல் நம் நாட்டில் புதுமையன்று. அஞ்சிய நாயைத் தேற்றுதல் வேறொரு கலை. அன்பு மட்டும் இருந்தாற் போதும் என்று எண்ணி அதில் இறங்குவோர் நாய்க்கும் தீங்கு செய்து, தாமும் கடிபட நேரிடும். இதனை என் சொந்தத் தவறுகளால் அறிந்துகொண்டேன்.

முதலில் அச்சத்தின் காரணங்களை ஆராய்வோம். அவை பெரும்பாலும் மூன்று. ஒன்று, பிறவிச் சுபாவம். ஒரே ஈற்றிற் பிறந்த குட்டிகளுள்ளும் ஒன்று துணிந்ததாகவும் மற்றொன்று கூச்சமுள்ளதாகவும் இருப்பதை யாவரும் கண்டிருப்போம். இரண்டு, இளமையில் மனிதப் பழக்கம் இல்லாமை. 1961ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். வேலியடைத்த வெளியொன்றிலே நாய்க்குட்டிகள் மனிதர் பழகாமலே வளர்க்கப்பட்டன. சில குட்டிகளை வெவ்வேறு வயதில் எடுத்துப் பழக்கினர். சிலவற்றைப் பதினான்கு வாரம்வரை எடுக்காமலே விட்டனர். அங்ஙனம் விடப்பட்டவை பின்னர் மனிதரைக் கண்டாற் காட்டு விலங்குபோல் அஞ்சி விலகின. மூன்றாம் வாரந் தொட்டு ஏறக்குறைய மூன்று மாதம் வரையுள்ள காலமே நாய்க்கு உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் என்பது இவ்வகை ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. மதகின் கீழும் பற்றைக்குள்ளும் அப்பருவத்தைக் கழித்த குட்டிக்கு எவரும் அடிக்காவிட்டாலும் மனிதன் அந்நியனே.

மூன்றாவது, பட்ட துன்பம். இரசிய நாட்டு உடற்றொழிலியல் அறிஞர் பவ்லோவ் அவர்களை யாவரும் அறிவர். 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர். 1924ஆம் ஆண்டு லெனின்கிராட் நகரிலே நீவா ஆறு பெருக்கெடுத்தது. பவ்லோவின் நாய்கள் அடைபட்டிருந்த கூடுகளுள் வெள்ளம் புகுந்தது. நீந்தவைத்தே அவற்றை மீட்கவேண்டியதாயிற்று. உயிர் தப்பிய நாய்களுட் சில தாம் முன்பு கற்றிருந்தவற்றை இழந்திருந்தன. பின்னர் அவற்றுள் ஒன்று தேறிவந்த காலத்தில், அறைக்கதவின் கீழாகச் சிறிது நீரை ஒழுகவிட்டுப் பார்த்தனர். அவ்வளவே, அந்நாய் மீண்டும் நிலைகுலைந்தது. வெள்ளம் வடிந்துவிட்டது. நாயின் உள்ளத்தில் அது வடியவில்லை.

இக்காரணங்களுள் எது நம்முன் நிற்கும் நாய்க்குரியது என்று எப்போதும் அறிதல் இயலாது. அறிந்தே தீரவேண்டும் என்பதுமில்லை. அச்சத்தின் குறிகளை அறிதலே இன்றியமையாதது. வாலைக் கால்களிடையே ஒடுக்குதலும் காதைப் பின்மடித்தலும் யாவரும் அறிந்த குறிகள். உறக்கமின்றிக் கொட்டாவி விடுதல், உணவின்றி உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணின் வெண்மை தோன்ற நோக்குதல், வெப்பமில்லாத வேளையில் மூச்சிரைத்தல், கொடுத்த உணவைத் தொடாதிருத்தல் ஆகியனவும் அச்சக் குறிகளே. இவை அனைத்தினும் நம்மை மிகுதியும் ஏமாற்றுவது அசையாதிருத்தல். மூலையிற் சுருண்டு, தொட்டாலும் அசையாமற் கிடக்கும் நாயைக் கண்டு, எத்தனை சாதுவான பிராணி என்று வியப்போம். 1967ஆம் ஆண்டில் செலிக்மன், மேயர் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதனை விளக்குகின்றது. தப்ப இயலாத துன்பத்துக்கு உள்ளான நாய்கள், பின்னர்த் தப்புதற்கு வழி திறந்திருந்த போதும் முயலாமற் கிடந்தன. அது சாந்தமன்று, நம்பிக்கை இழந்த நிலை. சாந்தத்தையும் நம்பிக்கையிழப்பையும் பிரித்தறிதல் ஆசிரியனுக்கு வகுப்பறையில் எத்துணை அவசியமோ அத்துணை அவசியம் இங்கும்.

இனி, நாயை வீட்டுக்குக் கொணருமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. நம் நாட்டில் விசர்நாய்க்கடி நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. நோய்க்குறிகள் தோன்றியபின் மனிதன் பிழைத்தல் மிக மிக அரிது. இயல்புக்கு மாறாக ஒதுங்குதலும் இருளிற் பதுங்குதலும் அந்நோயின் தொடக்கக் குறிகளாகவும் இருத்தல் கூடும். ஆகவே நோயை அச்சமென்று கருதி ஏமாறலாகாது. முன்பின் அறியாத நாயை வெறுங்கையாற் பிடிக்க முற்படாது மிருக வைத்தியரின் ஆலோசனையை முதலிற் பெறுதல் வேண்டும். தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி நீக்கம், கருத்தடைச் சத்திரசிகிச்சை ஆகியவற்றை எப்போது செய்வதென்று அவரே கூறுவார். தற்செயலாகக் கடியோ கீறலோ பட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவியபின், தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். தடுப்பு மருந்து அங்கே இலவசமாகக் கிடைக்கும். மிளகாய்த்தூள் அப்புதல், சுண்ணாம்பு பூசுதல் முதலிய கைமருத்துவங்கள் உயிருக்கு உலை வைப்பன.

கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் 2006ஆம் ஆண்டிற் கைவிட்டு, கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்று கொண்டது. கொல்லாமை கொள்கையானபின், வாழவைத்தல் யார் கடன் என்ற வினா எழுகின்றது. நாய்ச் சரணாலயங்களில் இடம் சிறிது, நாய்களோ பல. அஞ்சிய நாய்க்கு நூறு நாய் குரைக்கும் கொட்டகை துயர்தரும் இடமுமாகும். ஆதலின், இல்லங்களே தற்காலிகமாக ஏற்றுப் பேணுதல் பெரும் உதவியாகும்.

இரு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திங்கட்காலை, எங்கள் பாடசாலையின் பின்வேலியில், கழுத்தில் நைலோன் கயிறு இறுகிய நிலையில் ஒரு நாய் கட்டப்பட்டுக் கிடந்தது. ஓராண்டு வயதிருக்கும், செம்மண் நிறம். கட்டியவர் யாரென்று அறியேன். மிருக வைத்தியர் வந்து கயிற்றை அறுத்து, ஊசியுமிட்டார். அருகிலுள்ள சரணாலயத்தில் இடமில்லை என்றனர். என் ஒன்றுவிட்ட தமக்கையார் அடுத்த ஊரிலே தனித்து வாழ்பவர். காவலுக்கு ஒரு நாய் வேண்டுமென்று முன்னரே கூறியிருந்தார். ஒரு மாதம் வைத்துத் தேற்றி அவரிடம் கொடுப்போம் என்று எண்ணி வீட்டுக்குக் கொண்டுசென்றேன். செம்மன் என்று பெயரிட்டோம்.

முதற்பாடம் யாதெனில், முதல் நாட்களில் ஒன்றும் செய்யாதிருத்தலே பெரிய செய்கை. பின்விறாந்தையின் மூலையில் சாக்கு விரித்து, இருபுறமும் பலகையால் மறைத்து, நீர்ச்சட்டி ஒன்றை வைத்துவிட்டு விலகினோம். அஞ்சிய பிராணிக்கு முதல் தேவை ஒளிந்துகொள்ள ஓரிடம். எவரும் கைநீட்டாத இடம். அருகே இருக்க விரும்பினால், நேர்முகமாக நில்லாது பக்கம் திரும்பி நிலத்தில் அமர்தல் வேண்டும். கண்ணுக்குக் கண் நோக்குதல் நமக்கு நேர்மையின் அடையாளம். நாய்க்கோ அது சவால். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுசெல்லுதலும் ஆகாது. சோற்றையோ மீன்துண்டையோ மெல்ல எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் எழுந்து வருதல் நன்று. அணுகுவதா விலகுவதா என்ற முடிவு நாயினுடையதாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒழுங்கு. பாடசாலை மணி அடித்தால் அடுத்து யாது நிகழும் என்பது மாணவனுக்குத் தெரியும். அத்தெளிவே பாதி தைரியம். நாய்க்கும் உணவு, நடை, உறக்கம் யாவும் குறித்த நேரத்தில் நிகழ்தல் நன்று. நான் மாலையில் துவிச்சக்கர வண்டியில் வந்து, படலையருகே மணியை ஒருமுறை அடித்துவிட்டு, செம்மனுக்கு உணவு வைப்பது வழக்கமாயிற்று. பத்தாம் நாளளவில் மணியோசை கேட்டதும் அது காதை நிமிர்த்திற்று. திட்டமிட்டுச் செய்ததன்று, எனினும் பிற்காலத்தில் அந்த மணியே எங்களைக் காத்தது.

மூன்றாவது, அச்சத்தைப் படிப்படியாக அகற்றும் முறை. இதற்கு விளக்கம் நாயிடத்தன்று, ஒரு குழந்தையிடத்தே முதலில் தெளிவாகக் கிடைத்தது. மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளநூல் அம்மையார் 1924ஆம் ஆண்டில் பீற்றர் என்னும் சிறுவனைப் பற்றி எழுதினார். மூன்று வயதளவினனான அச்சிறுவன் முயலைக் கண்டால் அலறுவான். அம்மையார் அவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்து, அவன் உண்ணுகையில் கூட்டிலடைத்த முயலைத் தொலைவில் வைத்தார். உண்பது தடைப்படாத அளவுக்கே ஒவ்வொரு முறையும் கூட்டை அணுகச் செய்தார். இறுதியில் சிறுவன் முயலைக் கையால் தடவினான். தூரமே இங்கு மருந்தின் அளவு. அஞ்சும் பொருள் தோன்றியவுடன் உணவு வருதல் வேண்டும். அப்பொருள் நாய் உண்ண மறுக்குமளவுக்கு அணுகிவிடலாகாது.

செம்மனுக்கு அஞ்சும் பொருள் விளக்குமாறு. என் மனையாள் முற்றம் கூட்ட அதனைக் கையிலெடுத்தாற் போதும். உடல் நடுங்கிச் சாக்கின்மேல் சிறுநீர் கழித்துவிடும். நாங்கள் விளக்குமாற்றை முற்றத்தின் கோடியில், கிணற்றடியிலே, நிலத்திற் கிடத்தினோம். அதனைக் கண்டதும் ஒரு துண்டுக் கருவாடு. மறுநாள் ஓரடி கிட்ட. கிடந்த விளக்குமாறு பின்னர்ச் சுவரிற் சாய்ந்தது, அதன்பின் கையில் ஏறியது, இறுதியாக அசைந்தது. இதற்கு ஏழு வாரம் சென்றது. ஒரு மாதம் என்று நான் இட்ட கணக்கு அங்கேயே பொய்த்தது.

இடையில் நான் செய்த பிழையையும் கூறவேண்டும். எட்டாம் நாள், உடலில் துர்நாற்றம் வீசுகின்றதென்று அதனை இழுத்துச் சென்று கிணற்றடியிற் குளிப்பாட்டினேன். அது கடிக்கவில்லை, கல்லாய் நின்றது. எவ்வளவு அடக்கம் என்று மகிழ்ந்தேன். அடுத்த இரண்டு நாள் அது உணவைத் தொடவில்லை. என் காலடி கேட்டாலே பலகைக்குப் பின்னே பதுங்கிற்று. அஞ்சியதன் நடுவே வலிந்து நிறுத்தினால் அச்சம் தானே தெளியும் என்பது பலர் கொள்கை. நீச்சல் தெரியாதவனை ஆழ்கிணற்றில் தள்ளும் ஆசிரியனின் கொள்கை அது. ஒரு நாழிகைச் சுத்தத்துக்காக ஒரு வார நம்பிக்கையை இழந்தேன்.

இன்னொரு தவறான கருத்தும் உண்டு. அஞ்சும்போது ஆறுதல் சொன்னால் அச்சம் வளரும் என்பர். அஃது உண்மையன்று. அச்சம் ஓர் உணர்ச்சி, தந்திரமன்று. நடுங்கும் நாய் நம்மருகே ஒண்டிக்கொண்டால் அமைதியாக இருக்க இடங்கொடுத்தலே முறை. அவ்வாறே, உறுமும் நாயைத் தண்டித்தலும் பிழை. உறுமல் என்பது எச்சரிக்கை. எச்சரிக்கைக்கு அடி கிடைத்தால், அடுத்தமுறை எச்சரியாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும். வீட்டிலே பிள்ளைகள் இருப்பின், உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடாமலிருக்கவும், கட்டியணைக்காமலிருக்கவும், அதுவாக வரும்வரை காத்திருக்கவும் பழக்குதல் வேண்டும். என் பேரப்பிள்ளை விறாந்தையிலமர்ந்து தன் வாசிப்புப் புத்தகத்தை மெல்ல வாசிப்பாள். அவள் முகம் புத்தகத்தில் இருந்தமையாற்போலும், வீட்டாருள் முதன்முதலாக அவளருகிலேதான் செம்மன் வந்து படுத்தது.

புதுவருடம், தீபாவளி முதலிய நாட்களில் வெடியோசை பெரும் சோதனை. அந்நாட்களில் நாயை முன்கூட்டியே நடத்திவந்து, உள்ளறையில் விட்டு, சாளரங்களை மூடி, வானொலியை மிதமாக ஒலிக்கவிடுதல் பயன்தரும். அச்சம் மிகக் கடுமையாயின் மிருக வைத்தியரிடம் மருந்துமுண்டு; அதனை நாடுதல் தோல்வியாகாது.

மூன்று மாதம் கழிந்தபின் செம்மனைத் தமக்கையாரிடம் ஒப்படைத்தேன். அங்கேதான் பெரும் விபரீதம் நேர்ந்தது. வாகனத்தில் ஏற்றிச் சென்று, முற்றத்தில் இறக்கி, கழுத்துக் கயிற்றை அவிழ்த்தோம். படலை கொண்டிக்குள் மாட்டப்படாமலிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. கணப்பொழுதில் நாய் ஒழுங்கையால் ஓடிப் பனங்கூடலுள் மறைந்தது. பெயர்சொல்லி அழைத்துக்கொண்டு பின்னே ஓடினோம். ஓடஓட அது மேலும் ஓடிற்று. அஞ்சிய நாய்க்குப் பின்னாலோடும் மனிதர் யாவரும் ஒருவரே. நண்பர் பகைவர் என்ற வேற்றுமை அதற்கில்லை.

இரண்டு இரவு கழிந்தன. அயலார் ஒரு செம்மண் நிற நாயைக் கல்லெறிந்து துரத்தியதாகக் கூறினர். மூன்றாம் நாள் மாலை, வழக்கமான நேரத்தில், துவிச்சக்கர வண்டியை அக்கூடலின் ஓரத்தில் நிறுத்தி, மணியை ஒருமுறை அடித்துவிட்டு, உணவுச் சட்டியை நிலத்தில் வைத்து, முதுகு காட்டி அமர்ந்தேன். பொழுது சாய்ந்தது. பின்னால் சருகு மிதிபடும் ஓசை கேட்டது. நான் திரும்பவில்லை. உண்ணும் ஓசை கேட்டபின்னும் திரும்பவில்லை. அது தானாக வந்து என் முழங்கையில் மூக்கை வைத்தபிறகே கழுத்துப்பட்டியைப் பற்றினேன்.

அன்றிரவு, செம்மனை நாமே வைத்துக்கொள்வோம் என்று வீட்டார் யாவரும் கூறினர். எனக்கும் ஆசையே. ஆயினும் தற்காலிகமாகப் பேணுவோர் இவ்விடத்தில் நின்று சிந்தித்தல் வேண்டும். வந்த நாயெல்லாம் நம்மிடமே தங்குமாயின் அடுத்த நாய்க்கு இடமேது? இரண்டு நாள் உறங்காமலிருந்த தமக்கையாரும், "தம்பி, படலை திறந்திருந்தது என் பிழை. இன்னொருமுறை என்னை நம்புவாயோ?" என்று கேட்டார். தவறு அவருடையதன்று. அறிமுகமில்லாத ஓரிடத்தில், அறிமுகமில்லாத ஒருவரிடம், ஒரே நாளில் விட்ட தவறு என்னுடையது.

இம்முறை ஒழுங்காகச் செய்தோம். மூன்று வாரம் தமக்கையார் மாலைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து தம் கையாலே உணவு வைத்தார். பின்னர், செம்மனைக் கயிற்றுடன் அவர் வளவுக்கு அழைத்துச் சென்று, உணவு கொடுத்து மீண்டும் கூட்டிவந்தோம். கிடந்த சாக்கையே அங்கும் விரித்தோம். படலைக்கு இரட்டைக் கொண்டி இட்டோம். அங்கு தங்கிய முதல் மாதத்தில் கயிறின்றி வெளியே விடவில்லை. பிரதேச சபையிற் பதிவும், ஆண்டுதோறும் தடுப்பூசியும் அவர் பொறுப்பாயின.

அச்சம் முற்றாக அழிந்துவிடும் என்று நான் கூறமாட்டேன். அணைந்ததாகத் தோன்றும் பழக்கம் ஓய்வுக்குப்பின் மீண்டும் தலைகாட்டும் என்பதையும் பவ்லோவ் கண்டிருந்தார். நாம் செய்வது பழைய பாடத்தை அழித்தலன்று. அதன் பக்கத்திலே புதியதொரு பாடத்தை எழுதுதல். ஆகவே ஒரு மாதத்திற் பயன் காண விரும்புவோர் இதில் இறங்கற்க. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும், பல மாதப் பொறுமையும், சாத்திய படலையும் உடையோர் தயங்கற்க. சுவர்க்க வாயிலில் நின்ற தருமர், தம்மை நம்பித் தொடர்ந்துவந்த நாயை விட்டு உள்ளே புக மறுத்தார் என்று மகாபாரதம் கூறும். நம்மைத் தொடர்ந்துவர அஞ்சி, தொலைவில் நிற்கும் நாய்க்கும் அக்கடன் உண்டென்பது என் எண்ணம்.

சென்ற மாதம் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். செம்மன் வாலாட்டி வந்து என்னை முகர்ந்தது. பேசிக்கொண்டிருக்கையில் என் குடை கைநழுவி விழ, அதனை எடுப்பதற்குக் குனிந்தேன். நாய் இரண்டடி பின்வாங்கிற்று. ஓடவில்லை. நான் நிமிரும்வரை நின்று பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பித் தமக்கையாரின் காலடியிற் சென்று படுத்துக்கொண்டது.